பாங்கு சொல்லும் சிறு கணினி



திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியிலுள்ள எங்கள் வீட்டிற்குப் பள்ளிவாசலின் பாங்கொலி எட்டுவதில்லை. ஆகவே ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினியில் லினக்ஸ் நிறுவி, ஐவேளையும் பாங்கு ஒலிக்கச் செய்தோம்.

தொழுகை நேரம் சூரியனைச் சார்ந்தது. இந்திய நேரமோ 82.5 பாகைத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. நம் ஊர் ஏறத்தாழ 79.07 பாகையில் இருப்பதால் உச்சிப்பொழுது சராசரியாக 14 நிமிடம் பிந்துகிறது. எனவே நேர வலயத்துடன் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் கொடுத்தோம். அஸருக்கு ஷாஃபிஈ, ஹனஃபி கணக்குகளுள் தம் மத்ஹபுக்குரியதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

மின்வெட்டுதான் பெரும் சோதனை. எங்களிடமுள்ள நான்காம் மாதிரியில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரம் திரும்பியதும், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும்; இணையம் கிடைத்தால்தான் திருந்தும். ரமலானில் ஒரு நாள் மின்சாரம் வந்தது, இணையம் வரவில்லை. பஜ்ர் நெருங்கியும் கணினியில் சஹர் நேரம் மீதமிருந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்த உம்மாதான் உணவை நிறுத்தச் சொன்னார்கள்.

அதன்பின் டிஎஸ்3231 என்னும் மின்கலக் கடிகாரச் சில்லைப் பொருத்தினோம். ஐ2சி இணைப்பை இயக்கி, அமைப்புக் கோப்பில் கடிகாரத்திற்கான ஒரு வரியைச் சேர்த்து, நேரத்தைச் சேமிக்கும் பழைய நிரலை நீக்கினோம். அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே பிசகும். இணையத்தைத் துண்டித்து, கணினியை அணைத்து, சற்றுப் பொறுத்து இயக்கிப் பார்த்தோம். அல்ஹம்துலில்லாஹ், நேரம் சரியாக இருந்தது.

கருவி நினைவூட்டும், வக்தைப் பேணும் பொறுப்பு நம்முடையதே. ஒவ்வொரு ரமலானுக்கு முன்பும் இச்சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.