இரும்புக் குண்டும் பழைய பனியனும்

போன மாதம் பேரன் என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு மாலில் பௌலிங் விளையாட்டு வைத்திருக்கிறார்கள். "தாத்தா, நீங்களும் ஒண்ணு உருட்டுங்க" என்று இருப்பதிலேயே எடை குறைந்த குண்டாகப் பார்த்துக் கொடுத்தான். கையில் வாங்கினால் பிசுக்கென்று இருந்தது. சட்டென்று திரும்ப வாங்கி ஒரு துண்டால் சுற்றிச் சுற்றித் துடைத்தான். "மரப்பாதையில எண்ணெய் தடவியிருக்கும் தாத்தா. அது குண்டுல ஒட்டிக்கும். ஒவ்வொரு தடவையும் துடைக்கணும்" என்றான்.

அவன் துடைத்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. நான் உருட்டிய குண்டு ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. அதைப் பற்றி மேலே எழுதுவதற்கில்லை.

பெரியப்பாவுடையது வேறு குண்டு. புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. திருப்பூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே மாலை வேளையில் வயதானவர்கள் மண் தரையில் கூடி பெத்தாங்க் என்று ஓர் ஆட்டம் ஆடுவார்கள். சின்ன மரக் குண்டு ஒன்றை 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டுகளை வீசவேண்டும். மரக் குண்டுக்குப் பெயர் கொஷோனே. பிரெஞ்சில் பன்றிக்குட்டி என்று பொருள். 13 புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். 1900-களின் தொடக்கத்தில் பிரான்சின் தெற்கே லா சியோத்தா என்ற ஊரில் பிறந்த ஆட்டம் இது. முடக்குவாதத்தால் ஓட முடியாமல் போன ஒரு பழைய ஆட்டக்காரருக்காக, நின்ற இடத்திலிருந்தே வீசலாம் என்று விதியை மாற்றினார்களாம். அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒத்துப்போகிறது.

பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனா எல்லாம் போய்விட்டு ஊர் திரும்பியபோது மூன்று இரும்புக் குண்டுகளையும் தோல் பையில் போட்டுக் கொண்டுவந்தார். 1962-இல் யார் எந்த நாட்டுக் குடிமகன் என்று எழுதிக்கொடுக்க வேண்டி வந்தபோது அவர் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்துகொண்டார். அப்பா இந்தியர் ஆனார். அதனால்தான் நான் பிரெஞ்சில் படித்துவிட்டு, இந்திய சர்க்காரில் கோப்பு தள்ளினேன். பெரியப்பாவின் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். மாலையில் அவருக்குத் துணையாகப் போகிற வேலை எனக்கு வந்தது.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வம்பு பேசுவார்கள். பெரியப்பா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து குண்டுகளைத் துடைப்பார். கிழிந்த பனியன் துண்டு ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கும். முதலில் மண் போகத் துடைப்பார். வரி வரியாக வெட்டியிருக்கும் பள்ளத்தில் மண் தங்கினால் தென்னந்துடைப்பக் குச்சியால் எடுப்பார். பிறகு இரண்டே சொட்டு எண்ணெய். அதைத் தடவி, தடவியது தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுவார். "டேய் தம்பி, கடல் காத்துடா. ஒரு ராத்திரி சும்மா வச்சா செவந்து போயிடும்" என்பார்.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. இந்தக் குண்டு உள்ளே வெற்று. இரண்டு அரைக்கோளத்தைச் சேர்த்துப் பற்றவைத்துச் செய்வது. எடை 650 முதல் 800 கிராமுக்குள் இருக்கவேண்டும். துருப்பிடிக்காத எஃகிலும் செய்கிறார்கள். கார்பன் எஃகில் செய்ததைத்தான் பல ஆட்டக்காரர்கள் விரும்புவார்கள், கையில் நன்றாகப் பிடிக்கும் என்பதால். ஆனால் அது துருப்பிடிக்கும். பெரியப்பாவுடையது அந்த வகை. ஒவ்வொன்றிலும் எடை 720 என்றும், அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் வெட்டியிருக்கும்.

1991-இல் பெரியப்பா காலமானார். போவதற்கு முந்தின வாரம் பையை என்னிடம் கொடுத்து, "துடைச்சு வச்சுக்கோ" என்றார். நான் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஒரு நாளும் துடைக்கவில்லை. ஆபீஸ், பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று நாள் போயிற்று. மனைவி போன பிறகு, 2012-இல் திருப்பூருக்கு மகன் வீட்டோடு வந்தேன். மூட்டை பிரித்தபோது மூன்றும் செங்கல் நிறத்தில் இருந்தன.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் செய்கிற வேலை உருப்படாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். உப்புக் காகிதம் வாங்கிவந்து தேய்த்தேன். போதாதென்று இரண்டு குண்டுகளை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், "பளபளன்னு ஆக்கிக் கொடுங்க" என்றேன். அவர்கள் நான் கேட்டதைத்தான் செய்தார்கள். சக்கரத்தில் கொடுத்து எடுத்தபோது முகம் தெரிந்தது. மகிழ்ச்சியோடு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 720 இல்லை. வரிகள் இல்லை. பெரியப்பாவின் எழுத்துகளும் இல்லை.

எடை எண் எப்போதும் படிக்கும்படி இருக்கவேண்டும் என்பது ஆட்ட விதி. ஆக அவை இரண்டும் இனி ஆட்டத்துக்கும் ஆகாது. அந்த ஐப்பசி மழையிலேயே மறுபடி துரு ஏறியது வேறு கதை.

மூன்றாவது குண்டு தப்பியது என் புத்திசாலித்தனத்தால் இல்லை. மூன்றையும் சேர்த்துத் தூக்க முடியாமல் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

அதைக் காப்பாற்றக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் விற்கும் ஒரு பெரியவர். துடைக்கத் துணி கேட்டுப் போனேன். வெள்ளையாக, புதிதாக இருந்த துண்டுகளைப் பொறுக்கினேன். "ஐயா, அது வேண்டாமுங்க. புதுத் துணி தண்ணி குடிக்காதுங்க. துவைச்சுத் துவைச்சு நஞ்சதுதான் குடிக்கும்" என்றார். மகனிடம் கேட்டேன். உண்மைதான் என்றான். பஞ்சில் இயற்கையாகவே மெழுகு உண்டு. அதைக் கொதிக்கவைத்துப் போக்கினால்தான் துணி ஈரம் இழுக்கும். பிறகு மென்மைக்காகப் போடுகிற பூச்சு மறுபடி தடுக்கும். பல துவைப்பில்தான் அது போகும். பெரியப்பா கிழிந்த பனியன் வைத்திருந்தது சிக்கனத்துக்காக என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

மூன்றாவது குண்டை உப்புக் காகிதம் தொடாமல் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன். தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்தேன். துடைத்தேன். மறுபடி ஊறவைத்தேன். பத்து நாளில் துரு விட்டது. மினுக்கம் வரவில்லை. பழுப்பாக, ஆங்காங்கே குழிவிழுந்து இருக்கிறது. ஆனால் 720 தெரிகிறது. எழுத்துகள் இரண்டும் தெரிகின்றன.

கோவையிலிருந்து திரும்பும்போது இதைப் பேரனிடம் சொன்னேன். அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. பௌலிங் குண்டுக்கு எண்ணெயே எதிரியாம். இப்போது வரும் நல்ல குண்டுகளின் மேல்தோல் ஒருவகை ரெசின். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பாதையின் எண்ணெயைக் குடித்துக் குடித்து, ஒரு கட்டத்தில் வளைந்து போகவேண்டிய குண்டு வழுக்கிக்கொண்டே நேராகப் போகும். அதனால் ஆடி முடித்த சூட்டோடு துடைக்கவேண்டும். முற்றிப்போனால் வெந்நீரில் போட்டு எண்ணெயைக் கக்கவைப்பார்களாம். அதற்கு எண்ணெய் எடுக்கவேண்டும், இதற்கு எண்ணெய் போடவேண்டும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் இரண்டும் கெடும்.

வரும் தை மாதம் பிரான்சிலிருந்து அண்ணன், அதாவது பெரியப்பாவின் மூத்த மகன், வருகிறார். எண்பது தாண்டிவிட்டார். போனில் முதல் கேள்வியே, "அப்பாவோட குண்டுங்க உன்கிட்டதானே இருக்கு?" என்பதுதான். இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்றது காணாமல் போயிற்று என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேண்டாம். மூன்றையும் மேசைமேல் வைக்கப் போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். எழுத்துள்ள குண்டை அவரே எடுத்துப் போகட்டும். கூடவே நன்றாக நைந்த பனியன் துண்டு ஒன்றையும் கொடுத்தனுப்புவேன். வழவழப்பான இரண்டும் என்னிடம் இருக்கட்டும். சனிக்கிழமைதோறும் அவற்றுக்கும் இரண்டு சொட்டு எண்ணெய் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.