நடுராத்திரி போன்

லினக்ஸ் சர்வர் மெதுவானால், அதன் மையமான கெர்னல் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க எஃப்ட்ரேஸ் என்ற வசதி உண்டு. ஸ்டீவன் ராஸ்டெட் எழுதியது; 2008-ல் 2.6.27 பதிப்பில் சேர்ந்தது.

அருமையான வசதிதான். ஆனால் அதை இயக்குவது, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற நாலு வால்வைத் திருப்புவது மாதிரி. எந்த வகைப் பதிவு என்று ஒரு கோப்பில் எழுத வேண்டும், எந்தெந்த ஃபங்ஷன் என்று இன்னொன்றில், விடையை மூன்றாவதில் படிக்க வேண்டும். கடைசியில் நிறுத்தவும் வேண்டும். நிறுத்தாவிட்டால் அது எழுதிக்கொண்டே இருக்கும். வைத்தியம் பார்க்க வந்தவரே நோயாளிக்குப் பாரமாகிவிடுவார். எங்கள் பிரிவில் இந்த வரிசை எனக்குத்தான் அத்துப்படி. அதனால் ராத்திரி 2 மணிக்கும் போன் வரும்.

பிறகு ராஸ்டெட்டே ட்ரேஸ்-சிஎம்டி என்ற கட்டளையைக் கொடுத்தார். 'ரெக்கார்ட்' என்றால் பதிவு செய்யும். முடிந்ததும், தான் திறந்ததையெல்லாம் தானே மூடிவிடும். 'ரிப்போர்ட்' என்றால் படித்துக் காட்டும். அடியில் இருப்பது அதே எஃப்ட்ரேஸ்தான். பிடிக்கக் கைப்பிடி வந்தது, அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். போன் நின்றது. எனக்கு மதிப்புக் குறைந்ததுபோல் கொஞ்ச நாள் இருந்தது. ஆனால் சர்வர் சீக்கிரம் எழுந்தது. நானும் நன்றாகத் தூங்கினேன்.