அட்டை மட்டும் போதுமாம்!

பழைய மாத நாவல்களைப் பொறுத்தவரை எனக்குக் கதை ரெண்டாம்பட்சம்தான். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் கதைகள் பலதும் மறுபதிப்பிலேயே கிடைக்குது. எண்பதுகளில் வந்த அந்த அட்டைதான் திரும்ப வராது. உள்ளே சாணித்தாள், வெளியே ஜெயராஜ் வரைந்த பெண் நம்மையே முறைச்சுப் பார்ப்பாள். அந்த ஒரு தாளுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் குனிஞ்சு குனிஞ்சு முதுகுவலி.

அட்டையோட கிடைக்கிறது அபூர்வம். வாடகை நூலகங்களில் நாலைந்து நாவலைச் சேர்த்து காலிகோ பைண்டு பண்ணும்போது அட்டையைக் கிழிச்சுடுவாங்க. அதில் தப்பிச்சதை, துருப்பிடிச்ச பின்னும் ராமபாணப் பூச்சியும் பார்த்துக்கும்.

என்கிட்ட ரெண்டு பிரதி இருந்தா ஒண்ணை விப்பேன். போன மாசம் ஒருத்தர், "அட்டையை மட்டும் கட் பண்ணி அனுப்புங்க பாஸ், ஃபிரேம் போடணும். முழு விலையே தர்றேன்"ன்னார். கணக்குப்படி எனக்கு லாபம்தான். மனசு வரலை. பைண்டர் பண்ணின வேலையை நானும் பண்றதுக்கா இத்தனை அலைச்சல்? ஸ்கேன் பண்ணி சும்மாவே தர்றேன்னேன். ஒரிஜினல்தான் வேணுமாம்.

அப்புறம் மதுரைக்கார அக்கா ஒருத்தங்க அதே புத்தகத்தைப் பாதி விலைக்குக் கேட்டாங்க. ஸ்கூல் படிக்கும்போது வாடகைக்கு எடுத்து மூணு தடவை படிச்சாங்களாம். அட்டையைப் பார்த்ததே இல்லையாம். கொடுத்தாச்சு. கூரியர் செலவோட சேர்த்து நஷ்டம் 30 ரூபாய் :-)