பசங்க எல்லாம் கிரவுண்டுக்குப் போங்க!

முகூர்த்த நாளில் திருவண்ணாமலைக்கு வந்தால் செங்கம் ரோட்டிலோ வேட்டவலம் ரோட்டிலோ ஒரு நடை போய்ப் பாருங்கள். கல்யாண மண்டபத்து வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். ஒட்டியாணம், நெத்திச்சுட்டி, நகைக்கடை விளம்பரம் போல ஜோடனையுடன் பன்னிரண்டு பதிமூன்று வயசுப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருப்பாள். 'மஞ்சள் நீராட்டு விழா'. அவளுக்குக் கீழே கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன்கள் வரிசை. சீர்த்தட்டு ஊர்வலம், பேண்டு வாத்தியம், மைக்கில் மொய் அறிவிப்பு. உடம்பைப் பற்றிப் பேச வெட்கப்படுகிற ஊர் இல்லை இது. பெரிய கோயிலில் ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கே வளைகாப்பு நடக்கும். வளையல் வாங்கக் கூட்டம் முண்டியடிக்கும்.

ஆனால், இவ்வளவு சத்தமாக ஊருக்கு அறிவித்த சமாசாரத்தை அந்தப் பெண்ணுக்கே விளக்க வேண்டும் என்று வரும்போது மட்டும் நம் குரல் குசுகுசுவென்று இறங்கிவிடுகிறது. பக்கத்தில் நிற்கிற தம்பிக்கு அந்தக் குசுகுசுவும் கிடையாது.

தொண்ணூறுகளில் நான் ஒன்பதாவது படித்தபோது, ஒருநாள் எங்கள் பள்ளிக்கு இரண்டு அக்காக்கள் வேனில் வந்து இறங்கினார்கள். நாப்கின் கம்பெனிக்காரர்கள். "கேர்ள்ஸ் எல்லாம் ஹாலுக்கு வாங்க. பசங்க எல்லாம் கிரவுண்டுக்குப் போங்க!" என்றார் பி.டி. மாஸ்டர். கணக்கு பீரியடு போய் கிரிக்கெட் கிடைத்த குஷியில் நாங்கள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. திரும்பி வந்த பெண்களின் கையில் ஆளுக்கொரு பொட்டலம். "என்ன கொடுத்தாங்க?" என்று கேட்டவனுக்குக் கிடைத்த பதில், "உனக்கு எதுக்கு?"

பசங்களுக்கு அன்றைக்குக் கிடைத்த மொத்தப் பாடத்திட்டமும் அந்த 'உனக்கு எதுக்கு' மட்டும்தான். பத்தாவதில் பூவின் மகரந்தச் சேர்க்கையை மூன்று நாள் படம் போட்டு நடத்தினார்கள். மனுசன் என்று வந்ததும், "இது ஈஸிதான், வீட்ல படிச்சுக்கங்க" என்று பக்கத்தைத் திருப்பினார்கள். மிச்சத்தை 2000-களின் தொடக்கத்தில் விஜய் டி.வி.யில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா'வில் சொல்லித் தந்தார். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்களா என்று பார்த்து, டி.வி. சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு தமிழ்நாடு கல்வி கற்றது.

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. எந்த நல்ல காரியத்தைப் பார்த்தாலும் 'செலவு யாருடையது?' என்று கேட்கத் தோன்றும். வேனில் வந்த அக்காக்களின் பூர்வீகத்தைத் தேடினால் அமெரிக்கா வருகிறது. 1946-ல் வால்ட் டிஸ்னி கம்பெனி 'மாதவிடாயின் கதை' என்று பத்து நிமிஷ கார்ட்டூன் படம் எடுத்தது. ஆமாம், மிக்கி மவுஸ் டிஸ்னிதான். காசு போட்டது கோடெக்ஸ் நாப்கின் கம்பெனி. அமெரிக்கப் பள்ளிகளில் பல வருஷம் ஓடிய படம். கூடவே ஒரு சின்னப் புத்தகமும் தந்தார்கள். படம் ஒன்றும் மோசமில்லை. அந்த நாட்களில் தாராளமாகக் குளிக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றெல்லாம் அன்பாகத்தான் சொல்கிறது. ஒரே ஒரு விஷயம், அதில் ரத்தம் வெள்ளையாக இருக்கும். நம் டி.வி. விளம்பரங்களில் அது நீலமாயிற்று.

சரி, கம்பெனிக்கு சரக்கு விற்கணும். அரசாங்கம்? 1980-ல் தேசிய மக்கள்தொகைக் கல்வித் திட்டம் வந்தது. கவலை, ஜனத்தொகை. 2005-ல் மத்திய அரசின் கல்வித் துறையும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. கவலை, எய்ட்ஸ். 2007-ல் மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், குஜராத், கர்நாடகா எனப் பல மாநிலங்கள் 'நம் கலாசாரத்துக்கு ஒத்துவராது' என்று அதை நிறுத்திவைத்தன. 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளியில் பாலியல் கல்வி வேண்டாம் என்றது. விற்பனை, ஜனத்தொகை, நோய், கலாசாரம்... எல்லோருக்கும் ஒரு கவலை இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை எந்தப் பட்டியலிலும் முதல் பெயராக இல்லை.

அந்த வகையில் தமிழ்நாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். 2011-ல் அறிவித்து 2012-ல் தொடங்கிய 'புதுயுகம்' திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையிலான கிராமத்துப் பெண்களுக்கு இலவச நாப்கின் வந்தது. இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. வருஷத்துக்கு 108. கோயில் ஊர்க்காரனுக்கு மறக்க முடியாத எண்! ஆனால் மாதத்துக்கு வகுத்தால் 9. நாளைக்கு மூன்று, ஐந்து நாள் என்று வைத்தாலே 15 வேண்டும். ஆறு துண்டு விழுகிறது. அதைக் கடையில் வாங்க வீட்டில் காசு கேட்கணும். கேட்க, வாய் திறக்கணும்.

புத்தகமும் மாறிவிட்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்றே தனிப் பாடம் இருக்கிறது. குரல் உடைவதிலிருந்து மாதவிடாய்ச் சுகாதாரம் வரை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதே எட்டாம் வகுப்புதான். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் கிணத்துக்கடவு பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திச் சில நாட்களே ஆன மாணவியை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். வீடியோ வெளியாகி, தலைமை ஆசிரியை சஸ்பெண்ட் ஆனார். தனியாக உட்காரவைக்கும்படி வீட்டிலேயே கேட்டார்கள் என்று ஒரு பேச்சும் வந்தது. இருக்கலாம். புத்தகம் பிள்ளைக்கு மட்டும்தானே போகிறது, வீட்டுக்கா போகிறது?

தண்டராம்பட்டு பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிற நண்பர் ஒருவர், இந்தப் பாடத்துக்குப் பையன்களைக் கிரவுண்டுக்கு அனுப்புவதில்லை. எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துத்தான் நடத்துகிறார். பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு ஷூ டப்பா வைத்திருக்கிறார். முகப்பரு, மீசை என்றுதான் நிறைய சீட்டுகள் வருமாம். போன வருஷம் வந்த ஒரு சீட்டை எனக்குக் காட்டினார். பையன் கையெழுத்து.

'எங்க அக்காவ அந்த மூணு நாளும் மாட்டுக்கொட்டா பக்கத்துல படுக்க வெக்கிறாங்க. அங்க பாம்பு வரும். அது தேவையா சார்?'

"தேவையில்லைன்னு கிளாஸ்ல சொல்லிட்டேன். அந்தப் பையனோட அப்பாகிட்ட யார் சொல்றது?" என்றார் நண்பர்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாக்கள் கட்டாயம் வர வேண்டும் என்று சீட்டு கொடுத்தனுப்பினாராம். என்ன விஷயம் என்று மட்டும் அதில் எழுதவில்லையாம்.