றம்பொடை ஏற்றத்தில் ஓர் எச்சரிக்கை

கம்பளை, புசல்லாவை தாண்டியதும் நுவரெலியாப் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. 109 மீற்றர் உயர றம்பொடை நீர்வீழ்ச்சி, லபுக்கலைத் தேயிலை மலைகள் எல்லாம் கடந்தால், 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியா நகர். குளிர் கூடக் கூட, பிள்ளைகளுக்காக வாகனத்தில் ஹீட்டரைப் போடுவோம்.

சூடாக வந்த காற்று திடீரெனக் குளிர்ந்தால் அசட்டையாக இருக்கலாகாது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரே ஹீட்டருக்கும் சூட்டைக் கொண்டு செல்கிறது. எஞ்சின் கொதிக்க ஹீட்டர் குளிர்ந்தால், பெரும்பாலும் தண்ணீர் குறைந்திருக்கும். குழாயில் காற்று அடைத்திருக்கவும், தண்ணீர்ப் பம்ப் பழுதாகியிருக்கவும் கூடும். தண்ணீர் வற்றினால் சூடு காட்டும் முள்ளும் சிலவேளை பொய் சொல்லும். ஆகவே பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான் முதலில் அறிவீர்கள். உடனே சொல்லி, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்கச் செய்யுங்கள்.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்க எவரையும் விடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் சீறியடிக்கும். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். முற்றாக ஆற அரைமணிக்கு மேலும் செல்லலாம். அதன் பின்னரே தண்ணீர் விட வேண்டும்; சூடான எஞ்சினில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விழலாம். ஒழுக்கு எங்கேயென்று கராஜில் பார்த்த பிறகே பயணத்தைத் தொடருங்கள்.

தாமதமாகச் சென்றாலும் நுவரெலியா அங்கேயேதான் இருக்கும்.