ஆயில் வந்து சேரும் வரை

புல்லட்டில் இரண்டு சத்தம் உண்டு. சைலன்சரிலிருந்து வருவது ஊருக்கு. இன்ஜினின் வலது பக்கம், முழங்காலுக்குக் கீழேயிருந்து வருவது ஓட்டுகிறவருக்கு மட்டும். முதல் சத்தத்துக்காகத் தாராளமாகக் காசு செலவழிக்கிறவர்கள், இரண்டாவது கொஞ்சம் காதில் பட்டாலே தூக்கத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். காலையில் செல்ஃப் அடித்ததும் டிக்டிக்கென்று ஒரு சீரான தட்டல். சில நொடியில் தானாக அடங்கிவிடும். அடங்கியதை யாரும் கவனிப்பதில்லை, தட்டியது மட்டும் மனசில் நின்றுவிடுகிறது. "டேப்பட் போயிடுச்சு சார், பிரிச்சுப் பாத்துடலாம்" என்று சொல்ல ஒரு ஆள் எப்படியும் கிடைத்துவிடுவார்.

பிரிப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள் என்பேன். தட்டல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. எப்போது வந்தது, எத்தனை நேரம் இருந்தது, எப்படி அடங்கியது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

பழைய புல்லட்டில் இந்தக் குழப்பமே கிடையாது. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வார்ப்பிரும்பு இன்ஜினில் டேப்பட் வெறும் திட இரும்பு. கேமும் புஷ் ராடும் எப்படித் தள்ளுகிறதோ அப்படியே வால்வு திறக்கும். நடுவில் வைக்க வேண்டிய இடைவெளியை மனிதக் கைதான் வைத்தாக வேண்டும். சிலிண்டர் ஓரத்தில் ஒற்றை நட்டு போட்ட சின்ன மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடின் அடிப்பாகமும் தெரியும். இன்ஜின் ஜில்லென்றிருக்கும்போது, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, புஷ் ராடை இரு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு, ஃபீலர் கேஜ் எல்லாம் கிடையாது. சிக்கல் என்னவென்றால், ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒன்றைத் திருப்பி, லாக் நட்டை இறுக்க மூன்று ஸ்பேனர் வேண்டும். மனிதனுக்கு இருப்பதோ இரண்டு கை. லாக் நட்டை இறுக்கும்போது வைத்த அளவு கொஞ்சம் நகரும். மறுபடி முதலிலிருந்து.

என் வண்டியைப் பார்க்கும் பாய் அந்தக் காலத்து ஆள். "கொஞ்சம் டேப்பட் சத்தம் வந்தா வரட்டும் சார், சத்தமே வராம இருந்தாத்தான் பயப்படணும்" என்பார். அவர் சொல்வது சரி. இடைவெளி அதிகமானால் தட்டும், காதுக்குத் தெரிந்துவிடும். இடைவெளியே இல்லாமல் இறுகிவிட்டால் சத்தம் வராது, ஆனால் சூடான எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. உட்கார்ந்தால்தான் அதன் சூடு ஹெட்டுக்கு இறங்கும். அது நடக்காமல் போகப் போக வால்வின் விளிம்பு கருகித் தின்றுபோகும். காலையில் ஒரு உதை, இரண்டு உதை என்று ஸ்டார்ட் ஆன வண்டி, கம்ப்ரஷன் செத்துப் பத்து உதைக்கும் அசையாமல் நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

2008, 2009 வாக்கில் புது அலுமினிய இன்ஜின் வந்தது. இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யுசிஇ. அதில் ஹைட்ராலிக் டேப்பட் வைத்தார்கள். செட் பண்ணும் வேலை போயிற்று. மூன்று ஸ்பேனர் போயிற்று. பாய்க்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை என்று நினைக்கிறேன்.

ஹைட்ராலிக் டேப்பட் என்பது இரும்புக் குப்பிக்குள் ஒரு சின்ன பிளஞ்சர். அதன் அடியில் ஸ்பிரிங், ஆயிலை உள்ளே மட்டும் விடும் ஒரு குண்டு வால்வு. ஆயில் நிறைந்து குண்டு மூடிக்கொண்டால், வாயை விரலால் அடைத்த சிரிஞ்சு மாதிரி, எவ்வளவு அழுத்தினாலும் பிளஞ்சர் இறங்காது. கேம் தள்ளும் ஒவ்வொரு முறையும் பிளஞ்சருக்கும் குப்பிக்கும் நடுவே உள்ள சில மைக்ரான் இடுக்கு வழியாகத் துளி ஆயில் கசியும். அடுத்த சுற்றில் பம்ப் அதை நிரப்பிவிடும். இன்ஜின் சூடேறி நீண்டாலும் சரி, பாகங்கள் சிறிது தேய்ந்தாலும் சரி, இடைவெளியை அதுவே சரிக்கட்டிக்கொள்ளும்.

இன்ஜினை நிறுத்தியதும்தான் கதை. நின்ற இடத்தில் ஒரு வால்வு திறந்திருந்தால், அதன் ஸ்பிரிங் ராத்திரி முழுக்க அந்த டேப்பட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். விடிவதற்குள் உள்ளே இருந்த ஆயில் கசிந்து பிளஞ்சர் இறங்கியிருக்கும். காலையில் பம்ப் ஆயிலைக் கொண்டுவந்து சேர்க்கும் வரை தட்டும். இரண்டு வால்வும் மூடிய நிலையில் நின்றிருந்தால் தட்டாது. கிராங்க் எங்கே நிற்கும் என்பது நம் கையில் இல்லை. திங்கள்கிழமை தட்டி, செவ்வாய் தட்டாமல், புதன் மறுபடி தட்டுவதற்குக் காரணம் இவ்வளவுதான். இதற்காக மெக்கானிக் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ஆயில் வந்து சேரும் தூரம் எவ்வளவு முக்கியம் என்பதை ஹார்லி டேவிட்சன்காரர்கள் முன்பே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1948இல் பான்ஹெட் இன்ஜினில் ஹைட்ராலிக் அமைப்பைப் புஷ் ராடின் மேல் முனையில் வைத்தார்கள். அத்தனை உயரத்துக்கு ஆயில் சரியாகப் போய்ச் சேரவில்லை. 1953இல் அதைக் கீழே, கேமுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். யுசிஇயிலும் டேப்பட்டின் இடம் கீழேதான்.

ஆக, நொடிக் கணக்கில் அடங்கும் தட்டல் ஆயில் சம்பந்தப்பட்டது. நாள் ஆக ஆக அந்த நொடிகள் நீண்டால், முதலில் பார்க்க வேண்டியது ஆயிலை. நடு ஸ்டாண்ட் போட்டு, வலது பக்கக் கண்ணாடி வழியாக மட்டத்தைப் பாருங்கள். ஆயில் மாற்றி எத்தனை நாளாயிற்று, ஃபில்டர் மாற்றினார்களா, ஊற்றியது 15டபிள்யூ-50 தானா என்று கேளுங்கள். மட்டம் குறைவு, ஃபில்டர் அடைப்பு, தவறான ஆயில் என்ற இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் செலவு ஆயிலோடு போகும். அப்படியும் நிற்காவிட்டால் டேப்பட்டுக்குள் அழுக்கோ காற்றோ இருக்கலாம். கழற்றிய டேப்பட்டைச் சுத்தம் செய்து, ஆயிலில் முக்கி, குமிழி வருவது நிற்கும் வரை அழுத்தி விட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். இதைச் செய்யாமல் போட்டுவிட்டு "புது டேப்பட்டும் தட்டுது" என்று புலம்புவது வழக்கமாக நடப்பது. ஆயிலில் கலக்கும் மாய மருந்து டப்பாக்கள் பக்கம் போகவே வேண்டாம். இந்த இன்ஜினில் கிளட்சும் அதே ஆயிலில்தான் முங்கியிருக்கிறது. வழுவழுப்புக்காகச் சேர்ப்பது கிளட்சையும் வழுக்க வைக்கும். இன்னொன்று, தட்டலை அமுக்க ஆக்ஸிலேட்டரை முறுக்குவது. ஆயில் இன்னும் போய்ச் சேராத இடத்தில் வேகமாக இடிக்க வைப்பதுதான் அது.

நிமிடக் கணக்கில், இன்ஜின் சூடேறியபின் அடங்கினால் அது வேறு கணக்கு. பாய் கடையில் ஒரு தம்பி இப்படி வண்டியைக் கொண்டுவந்தான். ஏற்கெனவே வேறொரு இடத்தில் டேப்பட் இரண்டையும் மாற்றச் சொல்லியிருந்தார்களாம். பாய் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை டேப்பட் இருக்கும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டார். ஐடிலில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்றால் கேம் அதில் பாதிதான் சுற்றும். நொடிக்கு எட்டுத் தட்டு. எக்ஸாஸ்ட் புகை வெளியேறுவதும் அதே கணக்கில் என்பதால் எண்ணிக்கையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அங்கே ஸ்க்ரூ டிரைவரில் ஒன்றும் கேட்கவில்லை. பாய் இன்ஜின் முன்பக்கம் குனிந்து, சைலன்சர் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். விரல் கரியாகியிருந்தது.

"சைலன்சர் எப்ப மாத்துன தம்பி?"

"ரெண்டு மாசம் ஆகுது பாய்."

"கேஸ்கெட் புதுசு போட்டாங்களா?"

தம்பிக்குத் தெரியவில்லை. நசுங்கிய பழைய கேஸ்கெட்டையே வைத்து முடுக்கியிருந்தார்கள். ஜில்லென்றிருக்கும்போது இடுக்கு வழியாகப் புகை டிக்டிக்கென்று தெறிக்கும். உலோகம் சூடாகி விரிந்தால் இடுக்கு மூடிக்கொள்ளும். வேலை இரண்டு நட்டோடு முடிந்தது. ஊருக்கான சத்தத்துக்குச் செலவழித்ததில் வந்த வினை என்று பாய் சொல்லவில்லை, நான் நினைத்துக்கொண்டேன். பிஸ்டன் தளர்ந்து சிலிண்டர் சுவரில் இடிப்பதும் இப்படித்தான் சூட்டில் அடங்கும், ஆனால் அது இன்னும் கனத்த, மொத்தையான சத்தம்.

ஜில்லென்றிருக்கும்போது அமைதியாக இருந்து, சூடானபின் தட்ட ஆரம்பித்தால்தான் எனக்கு வயிறு கலங்கும். ஆயில் இளகியதும் அழுத்தம் நிற்கவில்லை என்று பொருள். பம்போ தேய்ந்த டேப்பட்டோ கேமோ, எதுவாக இருந்தாலும் அப்போது பிரித்துத்தான் ஆக வேண்டும்.

2020இல் மீட்டியர் 350 வந்தபோது கம்பெனியே ஹைட்ராலிக்கை விட்டுவிட்டு, திருகி வைக்கும் டேப்பட்டுக்குத் திரும்பிவிட்டது. புல்லட் 350க்கும் 2023இல் அந்த இன்ஜின் வந்தது. இனி யுசிஇ என்றால் செகண்ட் ஹேண்டில்தான். போன மாதம் சொந்தக்காரர் ஒருவருக்காக அப்படி ஒன்றைப் பார்க்கப் போனேன். நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று விற்பவரிடம் போனிலேயே சொல்லியிருந்தேன். போனதும் சாவியைக் கேட்காமல் சிலிண்டர் ஃபின்னில் கை வைத்தேன். நன்றாகச் சுட்டது.

"டீக்கடை வரைக்கும் போனேன் சார், அவ்ளோதான்" என்றார்.

டீக்கடை எதிர்வாடையில்தான் இருந்தது. நாளைக்குக் காலையில் ஆறு மணிக்கு வருகிறேன், இன்றைக்கு இனிமேல் டீ வேண்டுமானால் நடந்தே போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.