கொட்டை ஓடும் ஒரு குழந்தையும்

பழைய வில்லைகளையும் அநுமதிச் சீட்டுகளையும் தேடிச் சேர்க்கும் பித்து எனக்கு உண்டு. அந்தப் பித்துத்தான் என்னை லண்டன் மாநகரில் பிரன்ஸ்விக் சதுக்கத்தருகே உள்ள பவுண்ட்லிங் காட்சிசாலைக்கு இழுத்துச் சென்றது. கண்ணாடிப் பேழைக்குள் தேய்ந்த காசுகள், பொத்தான்கள், ஹேஸல் என்னும் கொட்டையின் ஓடு ஒன்று! சந்தையில் காலணாப் பெறாதவை.

தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவரின் முயற்சியால் 1741-ல் திறக்கப்பட்ட குழந்தைகள் விடுதியின் உடைமைகள் இவை. வளர்க்க வகையற்ற தாய் குழந்தையை அங்கே ஒப்படைப்பாள். பெயர் கேட்கமாட்டார்கள். ஆகவே இத்தகைய அடையாளம் ஒன்றை வைத்துச் செல்வாள். அது பதிவுத்தாளோடு பத்திரமாயிருக்கும். பின்னொரு நாள் வந்து அடையாளத்தைச் சரியாகச் சொன்னால் குழந்தையை மீட்கலாம். 1760 வரை சேர்ந்த 16,282 குழந்தைகளில் மீட்கப்பட்டவை 152 தாம்.

1860-களில் நிர்வாகிகள் இவற்றைத் தாள்களினின்றும் பிரித்துக் காட்சிக்கு வைத்தார்கள். நல்லெண்ணந்தான்; ஆனால் எது எந்தக் குழந்தையுடையது என்பது மறைந்தது. பிற்கால ஆராய்ச்சியாளர் இருவர் பழைய பதிவேடுகளைப் புரட்டிச் சிலவற்றுக்கு உரியவரைக் கண்டறிந்தார்கள். அவர்களுடைய சிறு நூல் 2011-ல் வெளிவந்தது.

ஊர் திரும்பியதும் என் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு வில்லைக்கும் எங்கே, எவரிடம் வாங்கியது என்று சீட்டெழுதிக் கட்டலானேன். பாதிக்குமேல் நினைவில்லை.